சுவரில் பெயர் உள்ளவர்கள்

பெயர் தைக்கும்போது அக்காவோடு பேசக் கூடாது. பேசினால் பதில் வராது. தையல் முடிந்த பிறகு ஒரு பார்வை மட்டும் வரும். அந்தப் பார்வைக்குப் பயந்தே எங்கள் முதலாளி, வாசலில் ஆட்கள் கால்மாற்றிக் காத்து நின்றாலும், அக்காவின் மெஷினுக்குக் கிட்டப் போகமாட்டார். முதலாளி கிரேக்கர், கத்துவதற்கென்றே பிறந்த மனிதர். என்னிடம் கத்துவார், சாமான் கொண்டுவரும் வான்காரரிடம் கத்துவார், தொலைபேசியில் சொந்தத் தம்பியிடமும் கத்துவார். அக்காவிடம் மட்டும் அவருக்குச் சத்தம் வராது.

கடை ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பக்கத்தில், ஒரு ஷவர்மா கடைக்கும் பல்வைத்தியருக்கும் நடுவில் இருந்தது. விளையாட்டுச் சட்டைகளில் பெயரும் இலக்கமும் பதிக்கிற கடை. மலிவுச் சட்டைகளுக்கு நான் சூட்டு மெஷினில் எழுத்தை வைத்து அழுத்திவிடுவேன். நல்ல சட்டைகளுக்கு அக்கா துணியெழுத்துகளை அடுக்கி, ஒவ்வொன்றையும் சுற்றிவரத் தைப்பார். ஹொக்கிச் சட்டைகளும் வரும், பேஸ்போல் சட்டைகளும் வரும். ஆனால் முதலாளியின் உயிர் ஏரிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. எல்லை தாண்டிக் காரில் போய்வரக்கூடிய அமெரிக்க நகரம் ஒன்றின் கால்பந்து அணிதான் அவருக்கு வீடு, கோவில் எல்லாம். கால்பந்து என்று பெயர்தான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை ஆள் இடித்து விழுத்துகிற ஆட்டம். எனக்கு அதில் தெரிந்தது எழுத்தின் அளவும் நிறமும் மட்டுமே.

இப்போது ஆடுகிறவர்களின் பெயர் வந்தால் அக்கா கடகடவென்று தைத்து எறிந்துவிடுவார். அந்த அணியின் பழைய ஆட்டக்காரர்களின் பெயர் வந்தால் மெஷின் மெதுவாகிவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு அசையும். கடைசி எழுத்தைச் சுற்றி முடித்த பின்னும் நூலை வெட்டாமல், உள்ளங்கையைச் சட்டைமேல் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருப்பார். பிறகு நெற்றியில் சிறிதாகச் சிலுவை போட்டு, நூலை வெட்டுவார். நான் மட்டக்களப்பு, சைவக்காரி. மெஷினைத் தொட்டுக் கும்பிடுகிற பழக்கம் எங்கள் ஊர்த் தையற்காரருக்கும் உண்டு. அக்கா மன்னார்க் கத்தோலிக்கர், இது அவர்களுடைய முறையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் ஒரு தகப்பன் தன் மகனின் பெயரையும் பழைய ஆட்டக்காரர் ஒருவரின் இலக்கத்தையும் சேர்த்துத் தைக்கச் சொன்னார். அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"அந்த நம்பர் பிள்ளைக்கு வேண்டாம் எண்டு சொல்லு. வேற நம்பர் கேக்கச் சொல்லு."

"ஏனக்கா, எண்சாத்திரமோ?"

"ஓம், சாத்திரம்தான். சொல்லு."

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிள்ளைக்கும் வேறு இலக்கம் பிடித்துவிட்டது. அன்றைக்கே துருவிக் கேட்டிருக்கலாம். அந்த நேரம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பழைய ஆட்டக்காரர்களைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர் முதலாளிதான். ஆட்கள் குறைந்த மத்தியானங்களில் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு தொடங்குவார். அக்காவுக்கு ஆங்கிலம் கால்வாசிதான் விளங்கும், மீதியைக் கதை சொல்பவரின் கைகளில் பார்த்துக்கொள்வார். முதலாளி கதை சொல்லும்போது மேசையும் கதிரையும் ஆட்டக்காரராகிவிடும். விலா எலும்பு முறிந்தபடி பனிக்குள் நின்று பந்தெறிந்தவர் ஒருவர். எல்லாரையும்விடக் குள்ளமாயிருந்தும் மலைபோன்றவர்களின் நடுவால் நுழைந்து ஓடியவர் ஒருவர். ஒரு தோள் கழன்று தொங்க, மற்றக் கையால் பந்தைப் பிடித்தவர் ஒருவர். இவர்களுக்கெல்லாம் முன்னால் நின்று, வருகிறவனை நெஞ்சாலும் தலையாலும் தடுத்துக்கொண்டே இருந்தவர் இன்னொருவர். தன் காலம் முழுவதும் ஒருமுறைகூட அந்தத் தடுப்பாளர் பந்தைத் தொட்டதில்லையாம். முதலாளிக்கு அவர்தான் உயிர். யாருமே வாங்காவிட்டாலும் அவருடைய சட்டையைக் கண்ணாடி ஜன்னலில் தொங்கவிட்டிருந்தார். வெயிலில் நிறம் போகப் போக, அக்கா புதிதாக ஒன்று தைத்துக் கொடுப்பார்.

எந்தக் கதையென்றாலும் முடிவு ஒன்றுதான். ஆள் அடிபட்டு விழுவார், மைதானம் முழுக்க அமைதியாகிவிடும், தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த இடத்தில் முதலாளியின் கண் கலங்கும். பிறகு கையை மேலே தூக்கி, அரங்கத்தில் அவர்களுடைய பெயர்களைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பார். அவர்களுடைய இலக்கத்தை இனி யாருக்கும் கொடுக்கமாட்டார்கள் என்பார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

அக்காவின் கழுத்தில் தாலிக்கொடி இருந்தது. வீட்டுக்காரர் இல்லை. கலியாணம் கட்டிய இரண்டாம் வருடம் ஒரு பின்னேரம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளமும் திரும்பவில்லை. புயல் என்றார்கள் சிலர், கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள் சிலர், இந்தியக் கரையில் கண்டதாகவும் ஒருவர் வந்து சொன்னாராம். அக்கா ஊரில் காத்திருந்தார், பிறகு முகாமில் காத்திருந்தார், பிறகு ரொறன்ரோவுக்கு வந்து காத்திருந்தார். பிள்ளை இல்லை. இதையெல்லாம் நான் துண்டுதுண்டாகத்தான் அறிந்தேன். அவர் தன் வாயால் புருசனின் பெயரைச் சொன்னதே இல்லை. "எங்கட ஆள்" என்பதோடு நிறுத்திவிடுவார்.

வான்காரர் அண்ணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறுஞ்சட்டைகளைப் பெட்டிபெட்டியாக இறக்குகிறவர். தீவுப்பகுதிக் கத்தோலிக்கர், விட்பியில் பெரிய வீடு வாங்கிய வருடமே மனைவியைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். ஒவ்வொரு வியாழனும் சட்டைப் பெட்டிகளோடு ஒரு பார்சல் மட்டன் றோல்ஸும் வரும். எனக்கும் சேர்த்துத்தான் கொண்டுவருவார், பாவம், மரியாதைக்கு. பார்சலை வைப்பது மட்டும் அக்காவின் மெஷின்மேல்.

இது எங்கே போகிறது என்று முதலாளிக்குக்கூட விளங்கிவிட்டது. அக்காவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. வியாழக்கிழமைகளில் தலைமயிரை வேறுமாதிரிக் கட்டிக்கொண்டு வருவார். நான் பகிடி பண்ணினால் கத்தரிக்கோலைக் காட்டுவார். ஒரு கோடை முடியும்போது, அண்ணை பங்குச் சுவாமியாரிடமே போய்க் கேட்டுவிட்டார். காணாமற்போனவரின் மனைவி மறுமணம் செய்வதென்றால் கோவிலில் லேசில்லை. ஆயருக்கு எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும். அதெல்லாம் செய்யலாம் என்றார் சுவாமி. ஆனால் முதலில் அவரை இறந்தவராக நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அக்காவிடம் சொன்னாராம்.

நவம்பர் அவர்களுக்கு இறந்தவர்களின் மாதம். அதற்கு முன்பே கோவிலில் ஆளுக்கொரு உறை கொடுப்பார்கள். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிப் போட்டால், பூசையில் வாசித்து அவர்களுக்காக மன்றாடுவார்கள். அந்த வருடம் அக்கா உறையை ஒரு கிழமை கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை வந்து, கோட்டைக் கழற்றாமலே சொன்னார்.

"நேற்று எழுதிப் போட்டுட்டன்."

"அவற்ற பேரையோ?"

"ஓம். இத்தினை வருஷமா ஆர் ஆருக்கோ மன்றாடினன். எங்கட ஆளுக்கு மட்டும் ஒருநாளும் மன்றாடேல்லை. அங்க போயிருந்தா, தனிய நிண்டிருப்பார் பாவம்."

சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். அந்த வியாழக்கிழமை அண்ணை றோல்ஸ் பார்சலோடு ஒரு கேக்கும் கொண்டுவந்தார்.

அதற்கு அடுத்த கிழமை ஒரு வெள்ளைக்காரப் பெண், வயது போன ஒரு மனிதரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். மனிதர் கதவை நிறைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய தோள். தலை மட்டும் விடாமல் இப்படியும் அப்படியும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பெண் ஒரு குளிர்கோட்டையும் இரண்டு கம்பளிச் சட்டைகளையும் கவுண்டரில் வைத்தார். அப்பாவின் பெயரையும் தன் தொலைபேசி இலக்கத்தையும் உட்பக்கக் கழுத்துப்பட்டியில் தைக்க வேண்டும் என்றார். அப்பா இப்போது தன்னோடு ஒஷாவாவில் இருக்கிறார், கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறார், பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது, கண்டவர்கள் திருப்பிக் கொண்டுவந்து விடவேண்டுமே என்றார். மெல்லிய குரலில், ஆட்டத்தில் தலையில் வாங்கின அடிகள் என்றும் சொன்னார்.

முதலாளி அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திய கத்தலில் பல்வைத்தியரின் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பந்தைத் தொடாத அந்தத் தடுப்பாளர்தான். முதலாளி சட்டையை இறக்கிக்கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தார். மனிதர் அதிலிருந்த தன் பெயரை, பஸ்ஸிலிருந்து கடைப் பலகையை வாசிப்பதுபோல, எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு நல்ல தையல் என்றார்.

மெஷின் சத்தம் நின்றதை நான் அப்போதுதான் கவனித்தேன். அக்கா எழுந்து நின்றார்.

"இவர் செத்தவரெல்லே" என்றார்.

"ஆர் சொன்னது?"

"பேர் சுவரில கிடக்கு. நம்பரை இனி ஒருத்தருக்கும் குடுக்கமாட்டினம். செத்தவரெல்லே! நான் எத்தினை வருஷமா உறையில எழுதுறன். எல்லாற்ற பேரையும் எழுதுறன்."

எனக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் விளங்கியது. அந்த உதட்டசைவு, நூல் வெட்டுமுன் வைத்த உள்ளங்கை, பிள்ளைக்கு வேண்டாமென்ற இலக்கம். எங்கள் ஊர்ப்பக்கத்தில் பெயரைச் சுவரில் எழுதி, ஒருவரின் இலக்கத்தை வேறொருவருக்குக் கொடுக்காமல் விடுவது, அவர் சண்டையில் செத்த பிறகுதான். அக்கா அதை அப்படியே நம்பியிருக்கிறார். ஏரிக்கு அந்தப் பக்கத்து அணியின் பெரிய ஆட்டக்காரர்களெல்லாரும் வருடாவருடம் ஸ்காபரோவில் தமிழ்ப் பூசையில், மன்னார்ப் பெயர்களோடு சேர்த்து வாசிக்கப்பட்டிருக்கிறார்கள். வேறொரு நாளென்றால் நான் வயிறு குலுங்கச் சிரித்திருப்பேன்.

அக்கா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வந்தார். முதலாளியும் மகளும் பேச்சில் இருந்தார்கள். அக்கா அந்த மனிதரின் சட்டைக்கையை இரண்டு விரலால் தொட்டார், பிறகு மணிக்கட்டை முழுதாகப் பிடித்தார். மெல்லத் தமிழில் கேட்டார்.

"ஐயா, நீங்கள் செத்தவையோட அங்க இருந்தனீங்கள்தானே. எங்கட ஆளை அங்க கண்டனீங்களோ?"

பிறகு புருசனின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மனிதர் அவரைக் குனிந்து பார்த்தார். தலை இப்படியும் அப்படியும் அசைந்தது.

அன்று பின்னேரமே அக்கா கோவிலுக்குப் போனார். உறைகள் பெட்டியில் இருந்தன, இன்னும் பிரிக்கவில்லை. சுவாமியாரோடு வாதாடித் தன்னுடையதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தார். நான் அடுத்த நாள் முழுக்க அவரோடு மாரடித்தேன்.

"அக்கா, அந்தாளின்ர தலை எந்த நேரமும் ஆடுது. வருத்தம். வரேக்கையும் ஆடினது, போகேக்கையும் ஆடினது."

"எனக்கென்ன கண் பொட்டையோ? நடுங்கிற தலையும் எனக்குத் தெரியும், இல்லையெண்டு சொல்லுற தலையும் எனக்குத் தெரியும்."

"அந்தாளுக்குத் தமிழ் தெரியுமோ?"

"உனக்கு விளங்காது பிள்ளை. அந்த மனுசனுக்குத் தன்ர பேரே தெரியாது. ஆனா சாப்பிடுது, நடக்குது, உயிரோட நிக்குது. எங்கட ஆளும் உப்பிடி எங்கையாவது நிண்டா? பேர் மறந்துபோய், வீடு மறந்துபோய், ஆரோ சோறு போட இருந்தா? நான் உயிரோட இருக்கிறவரைச் செத்தவர் எண்டு எழுதிப்போட்டு, இன்னொருத்தர் வீட்டில போய் விளக்கேத்தவோ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது எழுதும்போதும் கொஞ்சம் வருகிறது. கைக்கெட்டிய தூரத்தில் ஒரு நல்ல மனிதர் வான் திறப்பை விரலில் கோத்தபடி நிற்கிறார். இவர் நடுங்குகிற ஒரு தலையை நம்பிக்கொண்டு திரும்பி உட்காருகிறார்.

வியாழக்கிழமை அண்ணை வந்தார். அக்கா அவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அக்கா பேசினார், அண்ணை தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து பெட்டிகளை இறக்கி, கையெழுத்து வாங்கி, வழக்கம்போலப் பார்சலை மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வியாழனும் வைத்தார். அதற்குப் பிறகு வந்த எல்லா வியாழனும் வைத்தார். வேறு இடத்தில் பெண் பார்க்கச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள். "பாப்பம்" என்பார்.

தடுப்பாளர் குளிர் தொடங்கும்போதும் முடியும்போதும் மகளோடு வருவார். புதிய உடுப்பு எது வாங்கினாலும் அக்காதான் பெயர் தைக்க வேண்டும். அக்கா அவரைத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, தமிழில் ஊர்ப்புதினம் சொல்லிக்கொண்டே தைப்பார். அவருக்கும் அந்த இடம் பிடித்திருந்தது. வேறெங்கும் இருக்கமாட்டாத மனிதர் அங்கே அசையாமல் இருப்பார், தலையைத் தவிர. ஒருமுறை நான் குத்தலாகக் கேட்டேன், இன்னொருக்கால் அவரிடம் கேட்டுப் பார்க்கிறதுதானே என்று.

"திருப்பித் திருப்பிக் கேட்டா மறுமொழி மாறிப்போகும்" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் சந்தேகம் இருந்தது. அன்றைக்குத்தான் என் கோபம் பயமாக மாறியது. இந்த மனுசி ஒவ்வொரு இரவும் எதோடு படுத்து எழும்புகிறார் என்று நினைத்துப் பயந்தேன்.

போன மாசியில் அக்கா போய்விட்டார். நெஞ்சுவலி என்று அம்புலன்ஸில் ஏற்றினார்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. எல்லாவற்றையும் வான்காரர் அண்ணையே பொறுப்பெடுத்துச் செய்தார். மரண அறிவித்தல் போடுகிற ஆள் தொலைபேசியில் விவரம் கேட்டார். மன்னாரைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்டவர், சரி. இன்னாரின் அன்பு மனைவி, சரி. கணவர் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவதா என்று கேட்டார். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை பிரான்சில் இருக்கிற அக்காவின் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தார். "போடுங்கோ, இனி என்ன" என்றார் தங்கை. போட்டோம். அக்கா எழுத மறுத்த சொல்லை அவருடைய படத்துக்குக் கீழேயே அச்சடித்தார்கள்.

பார்வைக்கு வைத்த அன்று தடுப்பாளரை மகள் கூட்டிக்கொண்டு வந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். மண்டபத்தின் நடுவால், உருட்டுகிற நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தலை ஆட ஆட வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்றார். அக்காவைப் பார்த்தார்.

தலை நின்றுவிட்டது.

நான் பெட்டிக்கு மற்றப் பக்கத்தில் நின்றேன். எத்தனையோ வருடமாக அந்தத் தலை நின்று நான் கண்டதில்லை. மகளும் அதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டார். நான் கேட்க நினைக்கவில்லை, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அக்கா தேடின ஆள் அங்க இருக்கிறாரோ?"

அவர் கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தார். ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம், நிதானமாகத் தலையை ஆட்டினார். பிறகு மறுபடி நடுக்கம் வந்துவிட்டது. மகள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பினால் எனக்குப் பின்னால் வான்காரர் அண்ணை நின்றார்.

முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்கு மாதிரி வந்தபோது, அண்ணை அதைக் கடைக்குக் கொண்டுவந்தார். வியாழக்கிழமை. மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒருமுறை வாசித்தார். பிறகு ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார்.

"உதை எடுக்கச் சொல்லுங்கோ, தங்கச்சி."

காலஞ்சென்ற.

"அண்ணை, ஆக்கள் கேப்பினம்."

"கேக்கட்டும். நானும் கண்டனான்."

அந்தச் சொல்லை அக்கா ஏற்றுக்கொண்டிருந்தால் விட்பி வீட்டில் இன்றைக்கு இரண்டு பேர் இருந்திருப்பார்கள். அண்ணை பேனையை எடுத்துத் தன் கையாலேயே அதை வெட்டினார். பார்சலை மெஷின்மேல் வைத்தார். மெஷினில் இப்போது யாரும் இருப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

எனக்கு நம்பிக்கை இல்லை. அது வருத்தம், நரம்பு, ஏதோ ஒரு கணம் தற்செயலாக நின்றது. பகலில் நான் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கடைக்குள் எங்கள் ஆட்களில் வயதுபோன ஒருவர் தனியே வந்துவிட்டால், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன் பெயரைக் கேட்டுவிடுகிறேன். பெரும்பாலானோர் உடனே சொல்லிவிடுவார்கள். சிலருக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் யோசித்து முடிக்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.